வெற்றிடம், பச்சை ஒளி, செவ்வாயின் காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் படித்தது குவாண்டம் புலக் கோட்பாடு. இப்போது என் நேரத்தில் பாதிக்கு மேல் செவ்வாய், வெள்ளி ஆகிய கோள்களின் வளிமண்டலத்தில் நடக்கும் இரசாயனத் தாக்கங்களைக் கணக்கிடுவதில் போகிறது. இரண்டும் கோட்பாட்டு வேலை. ஆய்வுகூடம் இல்லை, தாளும் கணினியும்தான். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலர் வந்து கூடுவார்கள். அவர்கள் கேட்டவை, அவர்களை ஏற்றிப்போக வரும் தாய் தகப்பன் கேட்டவை, கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் தெரிந்தவர்கள் மறித்துக் கேட்டவை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அணுவுக்குள் நடப்பதும் கோள்களின் காற்றும் எங்கே சந்திக்கின்றன? ஒரே ஆள் இரண்டையும் செய்யலாமா?

ஒளியில் சந்திக்கின்றன. செவ்வாயின் காற்றைப் போத்தலில் அடைத்துப் பூமிக்கு இன்னும் யாரும் கொண்டுவந்ததில்லை. அங்கே இறங்கிய கலங்கள் சில இடங்களில் நேரே அளந்திருக்கின்றன. மற்றவை பெரும்பாலும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து அறிந்தவை. எந்த மூலக்கூறு எந்த அலைநீளத்தை எவ்வளவு விழுங்கும், எதை எவ்வளவு விடும் என்று தெரிந்தால்தான் நிறமாலையில் விழும் கோட்டுக்குப் பெயர் வைக்க முடியும். அணு ஒளியை எப்படி வாங்கி எப்படி விடுகிறது என்ற கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் குவாண்டம் புலக் கோட்பாடே பிறந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளிமண்டல இரசாயனவியலில் நாள்தோறும் வேலை செய்பவருக்குப் புலக் கோட்பாடு அவ்வளவாகத் தேவைப்படாது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் சின்னது. எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான்.

புலம் என்றால் என்ன? சமன்பாடு இல்லாமல் சொல்ல முடியுமா?

உயர்தரத்தில் எளிமை இசை இயக்கம் படிக்கிறீர்கள். வில்லில் தொங்கும் திணிவு மேலும் கீழும் ஆடுகிறது. அது போதும். வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஆடக்கூடிய ஏதோ ஒன்று இருப்பதாகவும், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒன்றையொன்று இழுப்பதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் புலம். இந்த ஆட்டத்தின் சக்தி வேண்டிய அளவில் கூடவோ குறையவோ முடியாது. படிப்படியாகத்தான் ஏறும், படிப்படியாகத்தான் இறங்கும். பாடப்புத்தகம் சக்திச் சொட்டு (குவாண்டம்) என்று சொல்வது அந்தப் படியைத்தான். மின்காந்தப் புலம் ஒரு படி ஏறினால் அங்கே ஒரு போட்டன், அதாவது ஓர் ஒளித்துகள், இருக்கிறது என்கிறோம். இலத்திரன் புலம் ஒரு படி ஏறினால் ஓர் இலத்திரன்.

அண்டத்தில் எங்கே இருக்கும் இலத்திரனும் இன்னோர் இலத்திரனை அச்சொட்டாக ஒத்திருப்பது ஏன் என்று ஒரு மாணவி கேட்டார். எல்லாமே ஒரே புலத்தின் ஆட்டங்கள் என்பதால்தான். இந்தப் பதிலை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் என்ன இருக்கிறது?

ஓயாத ஆட்டம் இருக்கிறது. குவாண்டம் விதிப்படி ஆடக்கூடிய எதுவும் முழுக்க ஓய முடியாது. மிகத் தாழ்ந்த நிலையிலும் கொஞ்சம் சக்தி மிஞ்சும். காற்றே இல்லாத நாளில் உட்துறைமுகத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெரியும். கிட்டப்போய்ப் பார்த்தால் அதிலும் சின்ன நடுக்கம் இருக்கும். தண்ணீர் நடுங்குவதற்கு வெளியே காரணம் உண்டு; வெற்றிடத்தின் நடுக்கத்துக்கு வெளிக்காரணம் கிடையாது. அந்த ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

இது வெறும் கற்பனை இல்லை. அருட்டப்பட்ட, அதாவது சக்தி ஏறிய, அணு ஒன்றை இருட்டில் தனியே விட்டாலும் அது ஒளியை விட்டு மிகத் தாழ்ந்த தரை நிலைக்கு இறங்கிவிடும். 1926 இல் இருந்த குவாண்டம் பொறிமுறையை மட்டும் வைத்துக்கொண்டால், தொந்தரவு எதுவும் இல்லாத அணு அந்த நிலையிலேயே என்றைக்கும் இருக்க வேண்டும். 1927 இல் பௌதிகவியலாளர் டிராக் மின்காந்தப் புலத்தையே குவாண்டம் விதிக்குள் கொண்டுவந்தார். அப்போதுதான் இருட்டில் அணு ஏன் இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்ற இரண்டும் கணக்கில் தாமாக வந்தன. புலக் கோட்பாட்டின் முதல் வெற்றி அது.

கணக்கில் முடிவிலி வருகிறதாமே? அப்படிப்பட்ட கோட்பாட்டை எப்படி நம்புவது?

வந்தது. இருபது வருடம் அது பெரிய தலைவலியாக இருந்தது. 1947 இல் லாம்பும் ரெதர்ஃபோர்டும் ஐதரசன் அணுவின் இரண்டு சக்தி மட்டங்களை அளந்தார்கள். டிராக்கின் சமன்பாட்டின்படி அவை ஒன்றாக இருக்க வேண்டும். அளவையில் சுமார் 1000 மெகாஹேட்ஸ் விலகியிருந்தன. அந்தச் செய்தியைக் கூட்டத்தில் கேட்டுவிட்டு நியூயோர்க்கிலிருந்து ரயில் ஏறிய பெத்தே, போகும் வழியிலேயே கணக்குப் போட்டு ஏறத்தாழ அதே எண்ணை எடுத்துவிட்டார். நாம் அளக்கும் இலத்திரனின் திணிவுக்குள்ளேயே புலத்தின் பங்கும் சேர்ந்திருக்கிறது, ஆகவே அதை இரண்டாம் முறை எண்ணக் கூடாது என்பதுதான் அவர் பிடித்த நுனி. அந்த நுனியைப் பிடித்து டொமொனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன் ஆகியோர் முழுக் கோட்பாட்டையும் ஒழுங்குசெய்தார்கள். 1965 இல் நோபல் பரிசு பெற்றார்கள். இலத்திரனின் காந்தத் திருப்பத்தில் கோட்பாடும் அளவையும் இன்று பத்து இலக்கத்துக்கும் மேலாக ஒத்துப்போகின்றன.

(எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் ஏறும்போதெல்லாம் பெத்தேயை நினைப்பேன். தாளும் பேனாவும் எப்போதும் பையில் இருக்கும்.)

பிறகு கென்னத் வில்சன் இதற்கு இன்னும் ஆழமான விளக்கம் கொடுத்தார். அவருக்கு நோபல் பரிசு 1982 இல். மிகச் சிறிய அளவுகளில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டாலும் பெரிய அளவுகளில் சரியான கணக்குப் போடலாம் என்பதே அதன் சாரம். நிலாவெளிக் கடற்கரையில் நின்று மேலே பாருங்கள். நைதரசன் மூலக்கூறு மின்னேற்றம் இல்லாதது. அதைவிட ஒளியின் அலைநீளம் ஆயிரம் மடங்குக்கு மேல் பெரியது. மூலக்கூறின் உள்விபரம் எதுவும் தேவையில்லை. இந்த இரண்டையும் வைத்தே சிதறலின் வலிமை அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாகப் போகும் என்று எழுதிவிடலாம். 450 நனோமீற்றர் நீலம் 650 நனோமீற்றர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். வானம் நீலமாகத் தெரிகிறது. ரேலி இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேறு வழியில் கண்டுபிடித்தவர்தான். ஆனால் எதைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லும் வழி எனக்கு அதைவிட அழகாகப் படுகிறது.

"தடைசெய்யப்பட்ட ஒளி" என்று அடிக்கடி சொல்கிறீர்கள். ஒளியை யார் தடைசெய்தது?

அணுவின் விதிகள். சாதாரணமாக அருட்டப்பட்ட அணு ஒரு செக்கனில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒளியை விட்டுவிடும். சில நிலைகளிலிருந்து இறங்கும் வழியைச் சமச்சீர் விதிகள் அடைத்துவிடுகின்றன. முழுக்க அடைப்பதில்லை, ஒரு சின்ன இடுக்கு இருக்கும். அந்த இடுக்கால் இறங்க வெகுநேரம் எடுக்கும்.

ஒட்சிசன் அணுவுக்கு அப்படி இரண்டு நிலைகள் உண்டு. மேலே உள்ளது முக்கால் செக்கன் அளவு காத்திருந்து 557.7 நனோமீற்றரில் பச்சை ஒளியை விடும். கீழே உள்ளது இரண்டு நிமிடம் அளவு காத்திருந்து 630 நனோமீற்றரில் சிவப்பை விடும். அணுவின் உலகத்தில் இரண்டு நிமிடம் ஒரு யுகம். அதற்குள் பக்கத்து மூலக்கூறு ஒன்று மோதினால் சக்தி மோதலில் போய்விடும், ஒளி வராது. அதனால்தான் பூமியில் சிவப்பு இருநூறு கிலோமீற்றருக்கு மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில் மட்டும் வருகிறது. பச்சைக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. இரவில் ஏறத்தாழ 97 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு மெல்லிய படையாக ஒளிர்கிறது.

அந்தப் பச்சைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? பகலில் சூரியனின் புற ஊதா ஒளி ஒட்சிசன் மூலக்கூறுகளை அணுக்களாக உடைக்கிறது. இரவானதும் அணுக்கள் சோடி சேர்கின்றன. சேரும்போது மிஞ்சும் சக்தி மூன்றாவது ஒட்சிசன் அணுவுக்குக் கைமாறுகிறது. அந்த அணுதான் பச்சையாக ஒளிர்கிறது. பகல் வெயிலில் நடந்த இரசாயனத் தாக்கத்தின் கணக்கை இரவு வானம் தீர்க்கிறது. முதல் படி இரசாயனவியல், கடைசிப் படி டிராக் 1927 இல் எழுதிய அதே விடயம். இரண்டு துறையும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்டவர்களுக்கு என் முழுப் பதிலும் இதுதான்.

இன்னும் இருக்கிறது. அந்த மேல் நிலையிலிருந்து இறங்க இரண்டு வழி: ஒன்று பச்சை, மற்றது 297.2 நனோமீற்றரில் புற ஊதா. இரண்டும் ஒரே நிலையிலிருந்து கிளம்புவதால் அவற்றின் விகிதம் அணுவை மட்டுமே பொறுத்தது. எந்தக் கோள், எந்த உயரம், எந்த நேரம் என்பதெல்லாம் அதில் வெட்டுப்பட்டுப் போகும். பூமியிலிருந்து இரண்டையும் ஒன்றாக அளப்பது கடினம், 297.2 ஐ ஓசோன் விழுங்கிவிடும். 2020 இல் செவ்வாயைச் சுற்றிவரும் ஐரோப்பிய டிஜிஓ கலம் அங்கே பகல் வானத்தில் பச்சைக் கோட்டைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். புற ஊதாவைவிடப் பச்சை சுமார் 16.5 மடங்கு வலிமையாக இருந்தது. கோட்பாட்டுக் கணக்கு ஏறத்தாழ அதையே சொல்லியிருந்தது. பூமியில் எடுத்த முந்தைய அளவைகள்தான் விலகி நின்றன. அணுவைப் பற்றிய கணக்கை உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு கோளின் காற்று உதவியது. அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

செவ்வாயின் காற்றில் என்ன புதிர் இருந்தது?

அந்தக் காற்றில் நூற்றுக்கு 95 பங்கு காபனீரொட்சைட்டு. சூரியனின் புற ஊதா அதைக் காபனோரொட்சைட்டாகவும் ஒட்சிசன் அணுவாகவும் உடைத்துக்கொண்டே இருக்கிறது. மேலே சொன்ன செவ்வாயின் பச்சையும் இந்த உடைவிலிருந்து வருவதுதான். உடைந்தவை திரும்பச் சேர்ந்தால் சரி. ஆனால் அவை நேரடியாகச் சேர்வதையும் ஒரு தடைதான் மறிக்கிறது: காபனோரொட்சைட்டு, ஒட்சிசன் அணு இரண்டினதும் இலத்திரன்களின் மொத்த ஸ்பின்னும் (தற்சுழற்சி போன்ற ஒரு குவாண்டம் பண்பு) உருவாகும் காபனீரொட்சைட்டின் ஸ்பின்னும் பொருந்தவில்லை. ஆகவே அந்தத் தாக்கம் ஆமை வேகத்தில் நடக்கும். இரண்டு ஒட்சிசன் அணுக்கள் தங்களுக்குள் சேர்வது அதைவிட எளிது. அப்படியே விட்டால் சில ஆயிரம் வருடங்களில் செவ்வாயின் காற்று வேறொன்றாக மாறியிருக்க வேண்டும். உண்மையில் அங்கே ஒட்சிசன் 0.2 சதவீதம்கூட இல்லை.

1972 இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே விடை சொன்னார்கள்: மெக்கல்ரோயும் டொனஹியூவும் ஒரு பக்கம், பார்க்கின்சனும் ஹன்டனும் மறுபக்கம். விடை நீராவி. செவ்வாயில் அது மிகக் கொஞ்சம். ஆனால் அது உடைந்து தரும் ஐதரொட்சில் (ஓர் ஒட்சிசன் அணுவும் ஓர் ஐதரசன் அணுவும் சேர்ந்தது), காபனோரொட்சைட்டுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டைத் திரும்பத் தருகிறது. விடுபடும் ஐதரசன் சுற்றிவந்து மறுபடி ஐதரொட்சிலாகிறது. ஊக்கி என்று உயர்தரத்தில் படிக்கிறோமே, அதேதான், ஒரு கோள் முழுக்க. துளி நீராவி இல்லாவிட்டால் அந்தக் காற்றே அந்தக் காற்றாக இருந்திருக்காது. வெள்ளியில் இதே வேலையைக் குளோரின் செய்வதாகக் கணக்குகள் காட்டுகின்றன.

வெள்ளியில் உயிர் இருக்கிறது என்று பேப்பரில் வந்ததே?

2020 செப்டெம்பரில் வெள்ளியின் மேகங்களில், பூமியில் நுண்ணுயிர்களோடு தொடர்புபடுத்தப்படும் பொஸ்பீன் வாயுவின் கோடு தெரிவதாக ஒரு குழு அறிவித்தது. அவர்களும் உயிர் இருக்கிறது என்று சொல்லவில்லை; தெரிந்த இரசாயனத்தால் விளக்க முடியவில்லை என்றார்கள். தலைப்புப் போட்டவர்கள் மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு அதே தரவுகளைத் திருத்திப் பார்த்தபோது கோடு வலுவிழந்தது. மற்றவர்கள், அது கந்தகவீரொட்சைட்டின் கோடாக இருக்கலாம் என்றார்கள். விவாதம் முடியவில்லை. செவ்வாயின் மெதேனும் இப்படித்தான்: தரையில் ஓடும் கியூரியோசிட்டி ஊர்தி காண்கிறது, மேலிருந்து டிஜிஓ காணவில்லை. என் அபிப்பிராயம், ஒற்றைக் கோட்டை நம்பி உயிரைப் பற்றிப் பேசக் கூடாது.

கோட்பாட்டு ஆராய்ச்சி என்றால் நாள் முழுக்க என்ன செய்வீர்கள்?

வளிமண்டலத்தைப் படை படையாகப் பிரிப்பேன். ஒவ்வொரு படையிலும் எந்த வாயு எவ்வளவு உண்டாகிறது, எவ்வளவு அழிகிறது, மேலும் கீழும் எவ்வளவு கலக்கிறது என்று வகையீட்டுச் சமன்பாடுகள் எழுதிக் கணினியில் தீர்ப்பேன். தாக்கங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கும். சில செக்கனுக்குள் முடியும், சில ஆயிரம் வருடம் எடுக்கும். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்திருப்பதுதான் சிரமம். மற்ற நேரமெல்லாம் வாசிப்பு.

உதாரணமாக, இரண்டு அணுக்கள் சேரும்போது மிஞ்சும் சக்தியை வாங்கிக்கொள்ள மூன்றாவது மூலக்கூறு ஒன்று மோத வேண்டும். ஆய்வுகூடங்களில் இந்தத் தாக்கத்தின் வேகத்தைப் பெரும்பாலும் நைதரசனை வைத்து அளந்திருப்பார்கள், பூமியின் காற்று அதுதானே. செவ்வாயில் மோதுவது காபனீரொட்சைட்டு. சக்தியை வாங்குவதில் அது நைதரசனைவிடக் கெட்டிக்காரன். பழைய எண்ணை அப்படியே போட்டால் விடை பிழைக்கும். இப்படி ஒரு எண்ணைத் தேடி மூன்று வாரம் போனதுண்டு. அந்த மூன்று வாரத்தை நான் வீண் என்று நினைக்கவில்லை.

இதனால் ஊருக்கு என்ன பயன்? (தகப்பன்மார் கேட்கும் கேள்வி)

நியாயமான கேள்வி. 1967 இல் வெள்ளியின் வளிமண்டலத்தில் ஐதரசன் குளோரைட்டு இருப்பதைக் கண்டார்கள். உடனே குளோரின் ஒரு கோளின் காற்றில் என்னென்ன செய்யும் என்று கணக்கிடத் தொடங்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்தக் கணக்குகள் கையில் இருந்தன. 1974 இல் மொலினாவும் ரோலண்டும் நம் குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோபுளோரோகாபன்கள் மேலே போய் உடைந்து, குளோரினை விட்டு, ஓசோனை அழிக்கும் என்று காட்டினார்கள். தாளில் போட்ட கணக்குத்தான். 1985 இல் அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் துளை தெரிந்தது. 1987 இல் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1995 இல் அவர்கள் இருவருக்கும் குருட்சனுக்கும் நோபல் பரிசு. மத்தியான வெயிலில் வள்ளத்தில் நிற்பவரின் தோலுக்கும் கண்ணுக்கும் அந்த ஓசோன் படைதான் குடை. தூரத்துக் கோளைப் படித்தவர்கள் தயாராக இருந்தபடியால்தான் நம் காற்றில் வந்த ஆபத்தை வேகமாக விளங்கிக்கொண்டார்கள்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதெல்லாம் செய்ய முடியுமா?

முடியும். புதிய ஆய்வுக் கட்டுரைகள் 1991 முதல் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலக்கூறுகளின் கோடுகள் அடங்கிய ஹைட்ரான் (HITRAN) தரவுத்தளத்தில் பதிவு செய்துவிட்டு எடுக்கலாம், காசு இல்லை. குறைவது என்னவென்றால் பக்கத்தில் இருந்து வாதிட ஆள். அதற்காகத்தான் சனிக்கிழமை விறாந்தை.

ஊரைச் சின்னதாக நினைக்கிறவர்களுக்கு ஒரு விடயம் சொல்வேன். நம் அகலக்கோடு எட்டரைப் பாகை வடக்கு. ஏறத்தாழ அதே கோட்டில், மேற்கே கேரளக் கரையில் தும்பா என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. காந்த மத்தியகோட்டுக்குக் கிட்ட இருப்பதால் மேல்வளிமண்டலத்தை ஆராய ஏற்ற இடம் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து எழும்பிய முதல் ரொக்கெட், சோடியம் ஆவியை மேலே விட்டு அந்திவானத்தில் செம்மஞ்சள் முகில் போட்டது. நமக்கும் அதே வானம்தான். 2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணம் நம் தலைக்கு மேலாலேயே போனது. அன்று கடற்கரையில் நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது என் விறாந்தைக்கு வருகிறார்கள்.

உயர்தரத்தில் என்ன பாடம் எடுக்க வேண்டும்?

இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். சிக்கலெண், காவி, வகையீடு, தொகையீடு இவற்றை விடைக்காக மட்டும் மனனம் செய்யாதீர்கள். எல்லாம் திரும்ப வரும். உயிரியல் பிரிவில் இருப்பவர்களுக்கும் வளிமண்டல இரசாயனவியலுக்கு வழி உண்டு, கணிதத்தைத் தனியே படித்துப் பிடிக்க வேண்டும். ஆங்கிலம் வாசிக்கத் தெரிய வேண்டும், பேச்சுப் பிறகு வரும்.

அந்தப் பச்சை ஒளியை நாங்களும் பார்க்கலாமா?

வெறுங்கண்ணுக்குப் பச்சையாகத் தெரியாது. அவ்வளவு மங்கலில் நம் கண் நிறம் பிரிக்காது. மிக இருட்டான இரவில் அடிவானத்துக்குச் சற்று மேலே வானம் கொஞ்சம் சாம்பல் பூத்ததுபோல இருக்கும். கமெராவுக்குப் பிடிபடும். மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கரையில் வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும். அமாவாசையை ஒட்டிய இரவாகப் பாருங்கள். நிலாவெளிக்கு வடக்கே, ஹோட்டல் வெளிச்சம் இல்லாத இடமாகப் போங்கள். கடலைப் பார்த்து முக்காலியில் கமெராவை வைத்து, அகன்ற வில்லையில், ஐஎஸ்ஓ 3200 அளவில் இருபது செக்கன் திறந்துவிடுங்கள். அடிவானத்திலிருந்து பத்து இருபது பாகை உயரத்தில் தேடுங்கள். அந்தப் பக்கம் பார்க்கும்போது பார்வை அந்தப் படையைச் சாய்வாக ஊடுருவுவதால் ஒளி கூடச் சேரும். மீன்பிடி வள்ளங்களின் விளக்கு கிழக்கில் இருந்தால் வடக்குப் பக்கம் திருப்புங்கள். முதல் படத்தில் வராவிட்டால் ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி எடுங்கள், அந்தப் படை இரவு முழுக்க ஒரே அளவில் ஒளிர்வதில்லை. வந்தால் படத்தைக் கொண்டு சனிக்கிழமை வாருங்கள்.